'எழுதிக் கொடுத்துட்டுப் போங்கம்மா' என்று பள்ளியில் சொன்னால்

பள்ளியிலிருந்து அந்த போன் பெரும்பாலும் காலை பதினொரு மணி வாக்கில்தான் வரும். முதல் இண்டர்வெல் முடிந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும், கழிப்பறைப் பக்கம் ஏதோ நடந்திருக்கும், யாருக்கோ மூக்கில் ரத்தம் வந்திருக்கும். 'உங்க பையன் இன்னொரு பையனை அடிச்சிட்டான், உடனே கிளம்பி வாங்க' என்பார்கள். வேலையைப் போட்டுவிட்டு ஓடுவீர்கள். போய் உட்கார்ந்த அரை மணி நேரத்தில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் உங்கள் முன்னால் வந்துவிடும்.

நான் இருபத்து மூன்று வருடம் பள்ளியில் கணக்கு எடுத்தவள். அந்த போனைப் போடச் சொன்ன அறைகளில் உட்கார்ந்திருக்கிறேன். எட்டு மாதமாக வகுப்பே 'ஒன்பது' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பிள்ளை ஒரு நாள் பொறுக்க முடியாமல் காம்பஸைக் கையில் எடுத்தது. அந்தப் பிள்ளைக்கு எதிரான தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. அந்த எட்டு மாதமும் அதே வகுப்பில்தான் பாடம் நடத்தினேன், காது நன்றாகத்தான் கேட்டது. ஓய்வு பெற்ற பிறகு இப்போது மேசைக்கு இந்தப் பக்கம், பெற்றோரோடு போய் உட்காருகிறேன். அதனால் இரண்டு பக்கத்துச் சூட்சுமமும் கொஞ்சம் தெரியும். திருநர் பிள்ளைகளையும், அப்படி நினைத்துக் கேலி செய்யப்படும் பிள்ளைகளையும், அவர்கள் படிக்கும் தமிழ்நாட்டுப் பள்ளிகளையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். பெற்றோருக்காக எழுதினாலும் அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா, யார் பிள்ளையோடு போனாலும் இதே வழிதான்.

கிளம்புவதற்கு முன்னால்

தனியாகப் போகாதீர்கள். துணைக்கு வருகிறவர் சண்டை போடத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை, எழுதத் தெரிந்தவராக இருந்தால் போதும். நீங்கள் பேசும்போது அவர் ஒரு நோட்டில் தேதி, நேரம், யார் யார் இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று குறித்துக்கொண்டே இருக்கட்டும். ஒருவர் பேசாமல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தால் அறையில் குரல்கள் தானாகக் கீழே இறங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தலைமை ஆசிரியர் அறைக்குள் நுழைவதற்கு முன் பிள்ளையைத் தனியாகப் பார்க்க ஐந்து நிமிடம் கேளுங்கள். 'ஏண்டா இப்படிப் பண்ணினே' என்று தொடங்கினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். இன்றைக்கு அதற்கு முன்னால் என்ன நடந்தது, இது எத்தனை நாளாக நடக்கிறது, இதுவரை எந்த டீச்சரிடமாவது சொன்னாயா, இந்த மூன்றும் தெரிந்தால் போதும். மூன்றாவது பதில்தான் பின்னால் பெரிதாக உதவும். 'சயின்ஸ் மிஸ்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன்' என்று பிள்ளை சொன்னால், பள்ளிக்குத் தெரிந்தே இருந்தது என்று பொருள். நான்காவதாக ஒன்றும் உண்டு: உள்ளே எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பிள்ளையிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பல பெற்றோர் தவறுவது இந்த இடத்தில்தான். பிள்ளைக்கு ஆதரவாகப் பேசுகிற வேகத்தில், 'எங்க பிள்ளை திருநங்கை சார், அதை மதிக்கணும்' என்று ஆறு பேர் முன்னால் சொல்லிவிடுவார்கள். பிள்ளை அதை இன்னும் ஒரு தோழியிடம் மட்டும்தான் சொல்லியிருக்கும், மதியச் சாப்பாட்டுக்குள் செய்தி பத்தாம் வகுப்பு டி பிரிவு வரை போய்ச் சேர்ந்துவிடும். கேலி செய்ததைத் தட்டிக்கேட்க பிள்ளை தன்னை அறிவித்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. 'நடையை வைத்தும் குரலை வைத்தும் என் பிள்ளையைத் தினமும் கேவலப்படுத்துகிறார்கள்' என்றால் போதும். திருநங்கை, திருநம்பி (பெண் என்று வளர்க்கப்பட்டாலும் தன்னை ஆணாக உணரும் பிள்ளை), அல்லது இன்னும் எந்தப் பெயரும் வைத்துக்கொள்ளாத பிள்ளை, யாராக இருந்தாலும் செய்தது தப்புத்தான்.

மகன் என்று சொல்வதா மகள் என்று சொல்வதா என்று திக்குகிறவர்களுக்கு: தமிழில் 'பிள்ளை' என்று ஒரு அருமையான சொல் இருக்கிறது. 'என் பிள்ளை வந்தது, சொன்னது' என்று மனு முழுக்கவும் எழுதிவிடலாம், ஒரு இடத்திலும் இடறாது.

அந்த அறைக்குள்

உள்ளே அவர்கள் ஒரு நாளைப் பற்றிப் பேசுவார்கள். நீங்கள் ஒரு வருடத்தைப் பற்றிப் பேச வேண்டும். மொத்த விஷயமும் இவ்வளவுதான், ஆனால் அறைக்குள் போன பிறகு இது மறந்துபோகும். எதிரே மூக்கில் பஞ்சு வைத்த பிள்ளையும் அதன் அம்மாவும் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பார்கள், உங்களுக்கே மனசு இளகும். இளகுவது நல்லதுதான், 'அடிபட்டதற்கு வருத்தப்படுகிறோம், வைத்தியச் செலவு என்றால் சொல்லுங்கள்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளை கையை ஓங்கியதை மறைக்காதீர்கள், நியாயப்படுத்தவும் வேண்டாம். அதற்கு அடுத்த வாக்கியம்தான் முக்கியம்: 'அதே மாதிரி, ஜூன் மாதத்திலிருந்து என் பிள்ளைக்கு நடந்ததையும் இன்றைக்கே பதிவு செய்துகொள்ளுங்கள்.' ஒன்றை ஒப்புக்கொண்டுவிட்டு இன்னொன்றைக் கேட்கிறவரை யாராலும் எளிதில் மறுக்க முடியாது.

அப்புறம் அந்த வெள்ளைத் தாள். 'ஒண்ணுமில்ல, ஃபார்மாலிட்டிதான், எழுதிக் கொடுத்துட்டுப் போங்கம்மா' என்பார்கள். நானே இந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன். அதில் எழுதச் சொல்வது மூன்று வகையாக இருக்கும்.

ஒன்று மன்னிப்புக் கடிதம். கடைசி வரியில், 'இனி ஏதேனும் பிரச்சினை ஏற்பட்டால் மாற்றுச் சான்றிதழைப் பெற்றுக்கொள்கிறோம்' என்று இருக்கும். 'ஏதேனும்' என்ற சொல்லைப் பாருங்கள். அடுத்த வாரம் உங்கள் பிள்ளையை நான்கு பேர் சேர்ந்து அடித்தாலும் அது ஏதேனும் பிரச்சினைதான். இன்னொன்று நேரடியாக டிசி கேட்கும் கடிதம். 'எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில்' என்ற சொற்கள் அதில் கட்டாயம் இருக்கும், ஏனென்றால் பள்ளி வெளியேற்றினால் பள்ளி பதில் சொல்ல வேண்டும், நீங்களாகக் கேட்டால் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது, டாக்டரிடம் காட்டிச் 'சரி' செய்துகொண்டு சான்றிதழோடு வருகிறோம், அதுவரை வீட்டில் வைத்துக்கொள்கிறோம் என்பது.

இந்த மூன்றிலும் அன்றைக்கு அந்த இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 'வீட்டில் பேசிவிட்டு நாளைக்கு எழுத்தில் தருகிறோம் சார்' என்று எழுந்துவிடலாம். கையெழுத்துப் போட்டால்தான் பிள்ளையை வகுப்புக்குள் விடுவோம் என்றால், அதையே எழுத்தில் கேளுங்கள். தர மாட்டார்கள். தராததையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். உடனே ஏதாவது எழுதியே ஆக வேண்டிய நிலை வந்தால், 'இன்று இத்தனை மணிக்கு அழைக்கப்பட்டு வந்தோம், நடந்ததைக் கேட்டோம், எங்கள் பிள்ளைக்கு ஏற்பட்டுவரும் துன்புறுத்தல் குறித்துத் தனியாகப் புகார் அளிக்கிறோம்' என்று மட்டும் எழுதித் தேதி போடுங்கள், போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த டாக்டர் விஷயம் பற்றி ஒன்று. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஒரு உத்தரவு போட்டார். ஒருவரின் பாலின அடையாளத்தையோ பாலீர்ப்பையோ (யார் மீது ஈர்ப்பு வருகிறது என்பதையோ) மருத்துவத்தால் 'மாற்றும்' முயற்சிக்குத் தடை என்றது அது. பிறகு 2022ல் தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிச் செய்வது மருத்துவருக்குத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. பள்ளிகளில் எல்லோருக்கும் பொதுவான கழிப்பறை, சான்றிதழ்களில் பெயரும் பாலினமும் மாற்ற வழி, ஆலோசகர்கள் என்றெல்லாம் அந்த உத்தரவிலேயே சொல்லியிருக்கிறார். எனக்குப் பிடித்த செய்தி வேறு: அந்த நீதிபதி இந்த விஷயம் தனக்குச் சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு மனநல வல்லுநரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் எழுதினார். ஒரு நீதிபதிக்கு அது கௌரவக் குறைச்சலாகத் தெரியவில்லை, நம் பி.டி. சாருக்கு மட்டும் என்னவாம்.

'ஒரு வாரம் வீட்ல இருக்கட்டும்' என்பது இன்னொரு தந்திரம். வாயால் சொல்வார்கள், தாள் இருக்காது. வருகைப் பதிவேட்டில் அந்த ஒரு வாரமும் ஆப்சென்ட் விழும், பிறகு வருகை குறைவு என்று அதுவே இன்னொரு குற்றமாகும். இடைநீக்கம் என்றால் காரணம், தொடங்கும் நாள், முடியும் நாள் எல்லாம் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். எழுத்தில் இல்லையென்றால் மறுநாள் காலை யூனிஃபார்ம் போட்டுக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் நில்லுங்கள். கேட்டில் தடுத்தால் நேரம் குறித்துக்கொண்டு, அன்றைக்கே 'இன்று என் பிள்ளை வகுப்புக்கு அனுமதிக்கப்படவில்லை' என்று ஒரு கடிதம். பிள்ளைக்கு அங்கே போக அன்றைக்கு மனசில்லை என்றால் இழுத்துக்கொண்டு போகாதீர்கள், அப்போது கடிதம் மட்டும் போகட்டும்.

அன்று இரவே எழுத வேண்டிய மனு

வாயால் சொன்ன புகார் பள்ளியில் காற்றோடு போய்விடும். அனுப்புநர், பெறுநர், பொருள் போட்டு ஒன்றரைப் பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். உணர்ச்சி கொட்ட வேண்டிய இடம் இது இல்லை. தேதி, இடம், பெயர், சொன்ன சொல், பார்த்தவர் யார், எந்த ஆசிரியரிடம் எப்போது சொல்லப்பட்டது என்று வரிசையாகப் போங்கள். கெட்ட வார்த்தையை 'தகாத சொல்' என்று நாகரிகமாக மூடாதீர்கள், சொன்ன சொல்லையே மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். 'தகாத சொல்' என்று படிக்கிற அதிகாரிக்கு ஒன்றும் உறைக்காது. தேதி சரியாக நினைவில்லை என்றால் 'காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம்' என்று எழுதினால் போதும், கற்பனையாக ஒரு தேதி போட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம்.

கோரிக்கை இல்லாத மனுவுக்குப் பதில் வராது. அதனால் கடைசியில் உங்களுக்கு வேண்டியதைச் சொல்லுங்கள். கேலி செய்தவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார வைக்கக் கூடாது. சம்பவ இடத்துக் கேமராப் பதிவை அழியாமல் எடுத்து வைக்க வேண்டும் (இதை அன்றைக்கே கேட்டாக வேண்டும், பல இடங்களில் சில நாளில் தானாக அழிந்துவிடும்). என் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லலாம் என்று ஒரு ஆசிரியரைக் குறிப்பிட வேண்டும். இரண்டு பக்கத்தையும் விசாரித்து முடிக்கும் வரை என் பிள்ளை மீது நடவடிக்கை கூடாது. இப்படி நான்கு இருந்தால் நிறைய.

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

சட்டத்தையும் ஒரு பத்தியில் சேர்க்கலாம், ஒரு பத்திக்கு மேல் வேண்டாம். பிள்ளைக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16. உடலால் தண்டிப்பதும் மனதால் துன்புறுத்துவதும் கூடாது என்கிறது அதன் பிரிவு 17. எட்டாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைக்கு அந்தச் சட்டம் கைகொடுக்காது, அப்போது திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது: கல்வி நிலையத்தில் பாகுபாடு கூடாது என்பது பிரிவு 3, அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிலையமும் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொண்டு நடத்த வேண்டும் என்பது பிரிவு 13, புகாரைக் கவனிக்க ஒரு அலுவலர் இருக்க வேண்டும் என்பது பிரிவு 11. 'உங்கள் புகார் அலுவலர் யார் சார்?' என்று சும்மா ஒரு முறை கேட்டுப் பாருங்கள், அறை அமைதியாகிவிடும். ஆனால் இந்தச் சட்டத்தைக் காட்டினால் பிள்ளையின் அடையாளத்தைப் பேசியதாகிவிடும். எனவே பிள்ளை சம்மதித்தால் மட்டும். சிபிஎஸ்இ பள்ளி என்றால், கேலி வதையைத் தடுக்கப் பள்ளியில் ஒரு குழு வேண்டும் என்று 2015லேயே அந்த வாரியம் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது, அந்தக் குழு கூடியதா என்று கேளுங்கள்.

முடி, சடை, ஷால், கழிப்பறை

அடிதடி இல்லாமல் வெறும் 'ஒழுங்கு' என்ற பெயரில் வருகிற நடவடிக்கைகள்தான் அதிகம். ஆண்கள் யூனிஃபார்மில் இருக்கும் திருநங்கைப் பிள்ளைக்கு முடிதான் பிரச்சினை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வரிசையாக நிறுத்தி வைத்து, கத்தரியோடு வரும் உடற்கல்வி ஆசிரியரை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். எல்லோர் முன்னாலும் முடியை வெட்டி விடுவது ஒழுங்கு நடவடிக்கை இல்லை, அவமானப்படுத்துவது. 'முடி பற்றி வீட்டுக்குச் சொல்லுங்கள், யாரும் பிள்ளையின் தலையில் கை வைக்கக் கூடாது' என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

திருநம்பிப் பிள்ளைக்கு இதுவே தலைகீழாக வரும்: இரட்டைச் சடை, ரிப்பன், சுடிதார் மேல் இரண்டு பக்கமும் பின் குத்திய ஷால். முடியை வெட்டிக்கொண்டு வந்துவிட்டால் 'பொம்பளைப் பிள்ளை மாதிரியா இருக்கே' என்பார்கள். இங்கே பேரம் பேசுவதுதான் நடைமுறை. உடையில் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெல்ல முடியாது, எது பிள்ளையை அதிகமாக உறுத்துகிறதோ அதை மட்டும் முதலில் கேளுங்கள். ஒரு பள்ளியில் சடை வேண்டாம், குட்டை முடி இருக்கட்டும், ஆனால் ஷால் போட வேண்டும் என்று முடிந்தது. பிள்ளை சிரித்துக்கொண்டு சொன்னது, 'பரவாயில்ல டீச்சர், ஷால் கர்ச்சீஃப் மாதிரி, கழட்டி பைல வெச்சுக்கலாம்.' பெற்றோருக்கு அந்த ஏற்பாட்டில் திருப்தி இல்லை. பிள்ளைக்கு இருந்தது. யாருடைய திருப்தி முக்கியம் என்பதை நானும் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

கழிப்பறையைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. காலை எட்டரை மணிக்குப் போன பிள்ளை நாலரை வரை தண்ணீரே குடிக்காமல் வருகிறதா என்று கவனியுங்கள், பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வரும். இண்டர்வெலில் போனால் வம்பு, அதனால் மணி அடித்து எல்லோரும் வகுப்புக்குப் போன பிறகு ஓடும், தாமதமாக வகுப்புக்கு வரும், 'லேட்டா வந்தான்' என்று டைரியில் எழுதுவார்கள். அந்தக் குறிப்புகளை எல்லாம் அடுக்கி, 'ஒழுங்கீனத்துக்கு' ஆதாரமாக உங்கள் முன்னால் வைப்பார்கள். வகுப்பு நேரத்தில் போய்வர அனுமதி, இல்லையென்றால் ஆசிரியர் கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதி. கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும், ஒரு பைசா செலவில்லாத காரியம்.

இது மட்டும் சமாதானம் பேசுகிற விஷயம் இல்லை

'உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கலாம்' என்று உடையை இழுத்தார்கள், தொட்டார்கள், போனில் படம் எடுத்தார்கள் என்று பிள்ளை சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள். அது போக்சோ சட்டம் 2012ன் கீழ் வரும் குற்றம். 18 வயது நிரம்பாத யாருக்கும் அந்தச் சட்டம் பொருந்தும், ஆண் பெண் திருநர் என்ற பேதம் அதில் கிடையாது. இப்படி நடந்தது யாருக்குத் தெரிந்தாலும் அவர் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், பள்ளி மறைத்தால் அதுவே குற்றம். தலைமை ஆசிரியர் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுக் கைகுலுக்க வைத்து முடிக்கிற அதிகாரம் அவருக்கு இல்லை.

குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் செய்யலாம், அல்லது அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வாங்கலாம், வாங்கும் போலீஸ் சீருடையில் வரக் கூடாது. இதையெல்லாம் நீங்கள் தெரிந்து வைத்திருந்தால் பயம் பாதி குறையும். 'அந்தப் பசங்க வாழ்க்கை என்னாகும், யோசிச்சுப் பாருங்க' என்பார்கள். அவர்களும் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் என்றால் விஷயம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும், பெரியவர்களின் சிறைக்கு இல்லை. அதைச் சொல்லிவிட்டு, உங்கள் பிள்ளையின் வாழ்க்கையை யோசியுங்கள்.

பிள்ளையின் முகத்தையோ பெயரையோ போட்டு வீடியோ எதுவும் போடாதீர்கள், டிவிக்காரர்கள் வந்தாலும் சரி. அடையாளத்தை வெளியிடச் சட்டத்திலும் தடை இருக்கிறது. அதைவிட, அந்த வீடியோ பிள்ளையின் இருபத்தைந்தாவது வயதிலும் யாராவது ஒருவர் போனில் இருக்கும்.

மேலே போவது

ஒரு வாரம், பத்து நாள் பாருங்கள். பள்ளி அசையவில்லை என்றால் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் எதுவானாலும் முதன்மைக் கல்வி அலுவலருக்கு அதே மனு, பள்ளிக்குக் கொடுத்ததன் நகலோடு. 14417 என்பது பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண், அதில் பேசினால் கேட்டுப் பதிவு செய்துகொள்வார்கள். அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று ஒரு பெட்டி இருக்கிறது, பிள்ளை தானே எழுதிப் போட விரும்பினால் போடலாம், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும், எண் கிடைத்த மனு சும்மா கிடக்காது, கீழே வந்தே தீரும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம், சென்னையில் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இரண்டுக்கும் தபாலிலேயே அனுப்பலாம். எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பாதீர்கள், ஒருவர் பதில் சொல்லட்டும் என்று இன்னொருவர் காத்திருப்பார்.

'இன்டர்னல் மார்க்கில் கை வைத்துவிடுவார்களே' என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு, நியாயமான பயம்தான். பன்னிரண்டாம் வகுப்பில் அகமதிப்பீடு பள்ளியின் கையில்தான். ஒன்று சொல்கிறேன், உள்ளே இருந்தவள் என்பதால்: எழுத்தில் புகார் கொடுத்த பெற்றோரின் பிள்ளைக்கு மார்க் குறைக்க ஆசிரியர்கள் பயப்படுவார்கள், ஏனென்றால் அது பழிவாங்கல் என்று உடனே தெரிந்துவிடும். வாயால் மட்டும் கத்திவிட்டுப் போனவரின் பிள்ளைக்குத்தான் குறையும்.

எல்லா ஆசிரியரும் எதிரி இல்லை. ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவராவது இருப்பார், பெரும்பாலும் தமிழாசிரியராகவோ நூலகத்தைப் பார்ப்பவராகவோ இருப்பதைக் கண்டிருக்கிறேன், என் அனுபவம் அப்படி. இண்டர்வெலில் பிள்ளை போய் உட்கார ஒரு இடம் அவரால் தர முடியும். அவரைச் சாட்சியாக இழுக்காதீர்கள், அந்த இடம் போய்விடும்.

இதைப் படிப்பவர் ஆசிரியராக இருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். 'உங்க பையன் பொம்பளை மாதிரி நடந்துக்கறான், கவனிங்க' என்று வீட்டுக்கு போன் செய்யாதீர்கள். வீட்டுக்கு அது தெரியாமல் இருக்கலாம். அன்று இரவு அப்பா பெல்ட்டை எடுப்பார், அல்லது பிள்ளை பஸ் ஏறிவிடும். அப்படி வீட்டை விட்டுப் போய்ப் படிப்பைத் தொலைத்த திருநங்கைகள் எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், கதை ஒரு வகுப்பறையிலிருந்துதான் தொடங்கும்.

வீட்டில்

தாள் வேலை எல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது பிள்ளை ஒரு மூலையில் உட்கார்ந்து தன்னால்தான் இத்தனையும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். 'உன்னால எவ்வளவு அலைச்சல் பாரு' என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். கூப்பிடச் சொல்கிற பெயரில் வீட்டுக்குள்ளாவது கூப்பிடுங்கள், வாய் தவறினால் திருத்திக்கொண்டு மேலே போங்கள், அதற்கு ஒரு பெரிய மன்னிப்பு நாடகம் வேண்டாம். பாட்டி, பெரியப்பா எல்லோருக்கும் விளக்க வேண்டியது இப்போது இல்லை, 'ஸ்கூல்ல ஒரு பிரச்சினை, பார்த்துட்டு இருக்கோம்' என்பது போதும்.

சாப்பாடு குறைந்தால், பொருட்களை யாருக்காவது எடுத்துக் கொடுத்தால், 'நான் இல்லேன்னா உங்களுக்கு நிம்மதி' என்ற மாதிரிப் பேச்சு வந்தால், சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள்: 'செத்துப் போயிடலாம்னு தோணுதா?' கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்று இரவு தனியாக விடாதீர்கள், மருந்து மாத்திரைகளை எடுத்து வையுங்கள், 14416ல் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி இருக்கிறது, எந்நேரமும் தமிழில் பேசலாம். பள்ளி எண் 14417, மனசுக்கு 14416. இரண்டையும் ஃபிரிட்ஜில் ஒட்டி வையுங்கள். அந்த நிலையில் மனு, விசாரணை, பரீட்சை எல்லாம் இரண்டாம் பட்சம்.

பள்ளியை மாற்றுவது என்று முடிவு செய்தால்

அது தோல்வி இல்லை. 'எனக்கு அங்க போகப் பிடிக்கல' என்று பிள்ளை சொன்ன பிறகு நியாயத்துக்காக அதை அங்கேயே உட்கார வைப்பது நம் வீம்பு. ஆனால் மாறுவது நீங்கள் தேர்ந்த நேரத்தில், புதுப் பள்ளியில் இடம் உறுதியான பிறகு. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் என்றால் பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் போவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும், பட்டியல் போன பிறகு மாறுவது பெரிய தலைவலி. பெயர், பாலினம் எதையாவது ஆவணத்தில் மாற்றுவதாக இருந்தாலும் அதற்கு முன்னாலேயே பேசத் தொடங்குங்கள், மதிப்பெண் சான்றிதழ் அச்சான பிறகு அலைச்சல் பல மடங்கு.

டிசி வாங்கப் போகும்போது அவசரப்படாதீர்கள். எமிஸ் பதிவில் (கல்வித் துறையின் மாணவர் விவரக் கணினிப் பதிவு) பிள்ளையை காமன் பூலுக்கு, அதாவது பள்ளி விடுவித்த பிள்ளைகளின் பொதுப் பட்டியலுக்கு, விட்டார்களா என்று அங்கேயே கேளுங்கள், விடாவிட்டால் புதுப் பள்ளியால் சேர்க்க முடியாமல் நீங்கள் இரண்டு பள்ளிக்கும் நடையாக நடக்க வேண்டும். பிறகு சான்றிதழைக் கையில் வாங்கி, கவுண்டரை விட்டு நகராமல், வரிசையாகப் படியுங்கள். பெயர் எழுத்துப் பிழை, பிறந்த தேதி, விலகும் காரணம். விலகும் காரணத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று மட்டும் இருந்தால் பரவாயில்லை, இப்போது அது உண்மைதான். நடத்தை என்ற இடத்தில் 'நன்று' என்று இருக்க வேண்டும். 'திருப்தி' என்றோ கோடு போட்டோ விட்டிருந்தால் நாற்காலியில் போய் உட்கார்ந்து, எந்த விசாரணையின் முடிவில் இப்படி எழுதினீர்கள், அந்த விசாரணைத் தாளின் நகலைக் கொடுங்கள் என்று கேளுங்கள். அப்படி ஒரு தாள் பெரும்பாலும் இருக்காது. மாற்றி எழுதித் தருகிற வரைக்கும் அங்கேயே இருங்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு போயிருந்தால் இன்னும் நல்லது.